சி ஷிப்ட்டுக்கு மாத்திரை கிடையாது

பினாங்கிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு யாரும் ஊர் சுற்றிப் பார்க்க வருவதில்லை. நானும் அதற்காக வரவில்லை. தங்கை வசந்தி போன் செய்து, "அக்கா, அவரு மறுபடியும் மில்லுல விழுந்துட்டாரு. கை வெந்துபோச்சு. நீ மூளை வேலைதானே பாக்குற, வந்து பாரு" என்றாள். மூளை வேலை என்று அவள் சொல்வது, ஒரு பல்கலைக்கழகச் சோதனைக்கூடத்தில் எலி மூளையை மெல்லிய துண்டுகளாகச் சீவிப் பரிசோதிக்கும் வேலையை. நான் டாக்டர் இல்லை. அதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன், அவள் காதில் ஏறவில்லை. லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வசந்தியின் கணவன் பெயர் ஏழுமலை. எங்கள் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்கு வந்தவன், பர்மிட் முடிந்ததும் அவளைக் கல்யாணம் செய்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். இப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டுகிற ஒரு மில்லில் காண்ட்ராக்ட் ஆள். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வலிப்பு உண்டு. அதைக் கல்யாணத்துக்கு முன்பே எங்கள் வீட்டுக்கு வந்து நேராகச் சொன்னான். அந்த ஒன்றுக்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும்.

சென்னையில் இறங்கிய அன்றே புறநகர் ரயில் ஏறினேன். மீஞ்சூருக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது. நின்றது என்றால் எங்கள் ஊர் ஃபெரி பழுதாகி நடுக்கடலில் நிற்கிற மாதிரி. யாரும் காரணம் கேட்கவில்லை, யாரும் காரணம் சொல்லவும் இல்லை. பெண்கள் காய்கறி ஆய ஆரம்பித்தார்கள். தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வெள்ளைப் புகை விட்டுக்கொண்டிருந்தன. எதிர் சீட்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவளை இன்னதென்று கேட்டேன். சிரித்தவர்களில் ஒரு அம்மாவின் மகன் மூன்று கம்பெனி மாறிவிட்டானாம், மூன்றிலும் ராத்திரி வேலைதானாம். இவனுக்குப் பெண் பார்த்தால் சாந்தி முகூர்த்தத்தைப் பட்டப்பகலில்தான் வைக்க வேண்டும் என்கிறாளாம். நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அநேகமாக அத்தோடு சரி.

ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ. ஆறு பேர் உட்கார வேண்டிய இடத்தில் பதினோரு பேர். முன்னால் போன லாரியில் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளின் நுனியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. அது என் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டே வந்தது. பாதி வழியில் ஆட்டோவின் கிளட்ச் வயர் அறுந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, எல்லோரும் நடங்கள் என்று கையைக் காட்டினான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வீடு போய்ச் சேர்ந்தபோது மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வந்தது.

"வாக்கா. ஃப்ளைட்டுல சோறு போட்டானுங்களா?" என்றான் ஏழுமலை. வலது முன்கை முழுக்கக் கட்டு. முகத்தில் சிரிப்பு. வசந்தி பழவேற்காட்டு மடவை மீன் குழம்பு வைத்திருந்தாள். புளிப்பு எங்கள் ஊரில் புளி கரைத்துச் செய்கிற அசாம் மீன் மாதிரி நாக்கைப் பிடித்தது, காரம் அதற்கு மேல். ஏழுமலை இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டான். மாடியில் காய்ந்த துணிகளை வசந்தி எடுத்து வந்து உதறியபோது தட்டிலெல்லாம் கரி விழுந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை. நான் தட்டை மாற்றச் சொன்னேன். "நீ இன்னாக்கா, வெள்ளக்காரி மாரி" என்றாள் வசந்தி. பினாங்கில் பிறந்தவள்தான். பேச்சு இப்போது முழுக்க இந்த ஊர்.

மறுநாள் அவனைத் திருவள்ளூருக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஆடி மாதம். பெரியபாளையம் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பஸ் ஊர்ந்தது. மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக ரோடு நிறையப் பெண்கள். அங்கேயே டயர் பஞ்சர். மாற்று டயரும் பஞ்சர். கண்டக்டர் அதை ஏதோ நல்ல செய்தி போலச் சொன்னார். வேறு பஸ் வருகிறவரை வெயிலில் நின்றோம். சாமி பார்த்துவிட்டு வந்துவிடலாமா என்று ஏழுமலை கேட்டான். உன் தலைக்குள்ளே இருப்பதற்கு அங்கே மருந்து இல்லை என்றேன். இப்படித்தான் பேச வரும் எனக்கு.

டாக்டர் நல்லவராகத்தான் இருந்தார். வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தால் அவர் நல்லவராக இருப்பதே பெரிய விஷயம். புண்ணைப் பார்த்தார். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டார். சாப்பிடுகிறேன் என்றான். "ராத்திரி ஒண்ணு. விடாம போடணும்" என்று சொல்லி அதே மாத்திரையை எழுதினார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நாங்கள் வெளியே இருந்தோம்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஓட்டலில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். நாங்கள் பசியாறல் என்பதை இவர்கள் நாஷ்டா என்கிறார்கள். வடகறி அருமையாக இருந்தது. இந்த ஊரைப் பற்றி மனதாரச் சொல்ல எனக்கு அது ஒன்றாவது இருக்கட்டும். இரண்டாவது இட்லியின்போது, வலிப்பு எப்போதெல்லாம் வருகிறது என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"சி ஷிப்ட்டுலதான்க்கா வருது. ஏ ஷிப்ட்டு, பி ஷிப்ட்டுல ஒண்ணும் கெடையாது. சி ஷிப்ட்டு வந்தா அந்த வாரக் கடைசில ஆளத் தூக்கிடும்."

சி ஷிப்ட் என்றால் ராத்திரி வேலை. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் ராத்திரி என்று மாறி மாறி வரும். முன்பு உலைப் பக்கம் ஒருவன் செத்துப்போனான், அவன்தான் ராத்திரியில் அடிக்கிறான் என்று மில்லில் சிலர் சொல்கிறார்களாம். ஏழுமலைக்கு அதில் பாதி நம்பிக்கை.

சி ஷிப்ட் வாரத்தில் மாத்திரை போடுகிறாயா என்று கேட்டேன்.

"எப்டிக்கா போடறது? போட்டா கண்ண சொருகும். எதிர்ல செவப்பா கம்பி பாம்பு மாரி வந்துனே இருக்கும், கொறடால புடிக்கணும். தூங்கினா செத்தேன்."

அப்படியானால் காலையில் வீட்டுக்கு வந்து தூங்கப் போகும்போது போட வேண்டியதுதானே என்றேன்.

"டாக்டரு ராத்திரிக்குத்தானே சொன்னாரு" என்றான்.

இட்லியைத் தட்டில் வைத்தேன்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மூளையில் ஒரு ரகச் செல்கள் மற்றவற்றைக் கிளப்பிவிடும். இன்னொரு ரகம் அடக்கும். அடக்குகிறவை எண்ணிக்கையில் குறைவு. எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் கத்திவிடாமல், அதாவது வலிப்பு வராமல், பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. இந்த அடக்கும் செல்கள் என்றைக்கும் ஒரே நிலையில் இருப்பதில்லை. சுற்றிலும் ஆர்ப்பாட்டம் கூடினால், லேசான தூண்டலுக்கே எழுந்துகொள்ளும்படி தம்மை மாற்றிக்கொள்ளும். சுற்றிலும் எல்லாம் அடங்கிக் கிடந்தால் மந்தமாகிவிடும். முன்பு போதுமாக இருந்த தூண்டல் அப்புறம் போதாது. நான் சம்பளம் வாங்குவது இதைப் பார்க்கத்தான். எலி மூளைத் துண்டை மருந்தில் ஊறவைத்து ஓரிரு நாள் அமைதியாக வைப்போம். பிறகு மருந்தைக் கழுவிவிடுவோம். தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியை ஒரு செல்லில் ஒட்டவைத்து, எவ்வளவு மின்சாரத்துக்கு அது எழுகிறது என்று அளப்போம். மருந்து போன புதிதில்தான் மோசம். கிளப்புகிற செல்கள் துள்ளும். அடக்க வேண்டியவை மந்தத்திலிருந்து இன்னும் மீண்டிருக்காது. திரையில் கோடுகள் தறிகெட்டு ஓடும்.

அது தட்டில் கிடக்கிற எலி மூளை. மனிதன் தலைக்குள்ளும் அப்படியே நடக்கிறது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஏழுமலை சாப்பிடுவது அடக்கும் பக்கத்துக்கு முட்டுக்கொடுக்கிற மாத்திரை. இரண்டு வாரம் முட்டுக்கொடுத்துவிட்டு, மூன்றாவது வாரம், அடக்கும் செல்கள் மந்தமாகிக் கிடக்கிற நேரத்தில், அதை உருவி எடுக்கிறான். மாத்திரை உடம்பை விட்டுப் போகச் சில நாள் ஆகும். வாரக் கடைசியில் சரியாகப் போய் முடிகிறது. அதோடு தூக்கமும் இல்லை. தூக்கம் கெட்டாலே வலிப்பு வரும், அதற்குச் சோதனைக்கூடம் வேண்டாம். எங்கள் எலித் துண்டுக்கு ஆக்சிஜன் குமிழி விடுவோம், சூடு ஒரு டிகிரி மாறினால் மணி அடிக்கும், அதற்கு ஓடிப்போகிறோம். இவனுக்கு ஓட யாரும் இல்லை.

இதையெல்லாம் பஸ்ஸில் வரும்போது அவனுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். காலையில் போட்டாலும் ராத்திரி வேலைக்குப் போகும்போது தலை கனமாகவே இருக்கும், அதையும் முன்பே பார்த்தாகிவிட்டது என்றான். அப்படியானால் ராத்திரி வேலையே கூடாது, மேஸ்திரியிடம் போய்ப் பகல் வேலை கேட்கிறேன் என்றேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னான். "கேளு. ஆனா வலிப்புன்ற வார்த்த மட்டும் உன் வாயில வரக் கூடாதுக்கா." சரி என்றேன்.

அடுத்த நாள் மில் கேட்டில் மேஸ்திரியைப் பார்த்தேன். தாமோதரன் என்று பெயர். காண்ட்ராக்டருக்கு ஆள் பிடித்துக் கொடுத்து, அவர்களை மேய்க்கிறவர். நல்ல உடம்பு, மெதுவான பேச்சு. கேட்டுக்கு உள்ளே ஒரு சின்ன அம்மன் மேடை. அதன் நிழலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். மலேசியாவில் ஆலைகளில் எப்படி என்று விசாரித்தார். உள்ளே இருந்து இரும்பு அலறுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஏழுமலைக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாளைக்குப் பகல் வேலை, உலையை விட்டுத் தள்ளி எங்காவது போடுங்கள் என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஒடம்புக்கு இன்னாம்மா? குடிய உட்டா ஒடம்பு தானா சரியாவும்."

என்ன குடி என்றேன்.

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. ஏழுமலைக்கு வலிப்பு வருவது கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிடும். ரப்பர் கருகுகிற வாசனை அடிக்கும் என்று முன்பு எங்களிடமே சொல்லியிருக்கிறான். அது அடித்ததும் கம்பி பிடிக்கிற கொறடாவைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுப் பழைய இரும்புக் குவியலுக்குப் பின்னால் போய் விழுந்துவிடுவானாம். பிறகு தேடிப் போகிறவர்கள் பார்ப்பது, நாக்குக் குழறி, கால் தள்ளாடி, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழிக்கிற ஒருவனை. மில்லில் அதற்கு ஒரே பெயர்தான். கடைசி முறை அவ்வளவு தூரம் போக நேரம் கிடைக்கவில்லை. ஆறப்போட்டிருந்த கம்பி மேலேயே கை விழுந்துவிட்டது.

குடித்துவிட்டு விழுகிறவனை இந்த மில்லில் வேலையை விட்டு அனுப்புவதில்லை. அனுப்ப ஆரம்பித்தால் ஆளே மிஞ்சாது என்றார் மேஸ்திரி. மறுநாள் அந்த ஆள் குளித்துவிட்டு வந்து, இந்த அம்மனுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, இனிமேல் குடிக்க மாட்டேன் என்று கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் கேட்டுக்குள் விடுவார்கள். ஏழுமலையும் செய்திருக்கிறான்.

"ஒரு வாட்டி இல்ல, பல வாட்டி அணைச்சிட்டான். வாயத் தொறந்தா பொய்யி. உன் தங்கச்சி பாவம்மா, ஒரு மொடாக் குடியன்கிட்ட வந்து மாட்டிக்கினு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அந்தப் பையன் எங்கள் ஊரில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த காலத்திலும் பீர் கிளாஸைத் தொட்டதில்லை.

"அவன் குடிக்கிறவன் இல்லை. அது வலிப்பு. சின்ன வயசிலேர்ந்து இருக்கு" என்றேன்.

மேஸ்திரி டீ கிளாஸைக் கீழே வைத்தார். அம்மன் பக்கம் திரும்பினார். ஆத்தா முன்னால் இத்தனை தடவை பொய்ச் சத்தியம் செய்தானா என்று கேட்டார். "பொய் எங்கே? குடிக்க மாட்டேன்னு சொன்னான். குடிக்கல" என்றேன்.

"குடிகாரன சேத்துப்பேன்மா. குடி காலைல தெளிஞ்சுடும். இது தெளியுமா? அவன் அந்தக் கம்பி மேல தலைகுப்புற விழுந்தா நான் ஜெயிலுக்குப் போவணும். நாளையிலேர்ந்து அவன வர வேணான்னு சொல்லிடு."

ஸ்டோரில், பேக்கிங்கில், எங்காவது பகலில் போடுங்கள் என்று கெஞ்சினேன். நான் கெஞ்சுகிற ஆள் இல்லை, இருந்தும் கெஞ்சினேன். அங்கெல்லாம் கம்பெனி ஆட்கள், காண்ட்ராக்ட் ஆளுக்கு உலைப் பக்கம்தான், ஷிப்ட்டும் மாறித்தான் தீரும் என்றார். அவரைத் திட்டலாம் என்று பார்த்தேன். திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "சொல்லிட்டியாக்கா" என்றான் ஏழுமலை. கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வசந்திதான் பேசினாள். முதலில் எனக்குச் சோறு போட்டாள். போட்டுவிட்டு நின்றபடியே சொன்னாள்.

"குடிகாரன் பொண்டாட்டி, குடிகாரன் பொண்டாட்டின்னு தெருக் குழாயாண்ட எல்லாம் பேசுறாளுங்க. இத்தினி நாளா வாய மூடிக்கினு கேட்டுக்கினு இருந்தேனே, எதுக்குன்னு நெனச்சே?"

போனில் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீ சும்மா இருந்திருப்பியா?" என்றாள். இருந்திருக்க மாட்டேன். அன்றைக்கு அவள் வைத்த கருவாட்டுக் குழம்பின் ருசி எனக்கு நினைவில்லை. சாப்பிட்டேன் என்பது மட்டும் தெரியும்.

பிறகு வந்த நாட்களில் ஏழுமலை வீட்டில் இருந்தான். ராத்திரி ஒழுங்காக மாத்திரை போட்டுக்கொண்டான், ஒழுங்காகத் தூங்கினான், வலிப்பு வரவில்லை. வேலை இல்லாதவரை அவன் நல்ல ஆரோக்கியம். இந்த ஊரில் வைத்தியம் அந்த மாதிரி. அக்கம்பக்கத்து மில்களில் கேட்டுப் பார்த்தான். மேஸ்திரிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறவர்கள். கும்மிடிப்பூண்டியில் ஒரு கேட்டும் திறக்கவில்லை. பெண்கள் தெருக் குழாயடியில் இப்போது வேறு பேச ஆரம்பித்தார்கள். குடிகாரன் என்று சொன்னபோது உறவினர் பெண்டுகள் வீட்டுக்கு வந்துகொண்டாவது இருந்தார்கள். இப்போது பிள்ளைகளை இந்தப் பக்கம் அனுப்பவில்லை. தொற்றிக்கொள்ளுமாம். இது தொற்றாது என்று ஒருத்தியிடம் போய்ச் சொன்னேன். அவள் நான் பேசுகிறபோதே தன் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

திருவள்ளூரை ஒட்டி காக்களூரில் ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. எல்லாம் சின்னக் கம்பெனிகள். அங்கே தகடு அடிக்கிற ஒரு பட்டறையில் ஆள் எடுப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அங்கே ஏழுமலையை யாருக்கும் தெரியாது. அங்கே போகக் கிளம்பியது நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். வசந்தி, "கூட்டிக்கினு போ. ஆனா அது பேசக் கூடாது" என்றாள். என்னைப் பற்றி, என் முன்னாலேயே, மூன்றாம் ஆளிடம் சொல்கிற மாதிரி.

சென்ட்ரல் போய், அரக்கோணம் வண்டி பிடித்தோம். கூட்டம். திருவள்ளூர் தாண்டிக் கடம்பத்தூருக்குப் போகிற ஒரு பால்காரரின் காலிக் கேன்கள் மேல் எனக்கு இடம் கிடைத்தது. ஏழுமலை வாசலில் நின்றான். வழியெல்லாம் நான் யோசித்துக்கொண்டு வந்ததை இறங்கியதும் சொன்னேன். ராத்திரி ஷிப்ட் கொடுத்தாலும் மாத்திரையை நிறுத்தாதே. காலையில் தூங்கப் போகும்போது போடு. ஒரு நாளும் விடாதே. தலை கனத்தால் டாக்டரிடம் சொல், அளவை மாற்றுவார். "சரிக்கா" என்றான். விருந்தாளியிடம் சொல்கிற சரி அது.

பட்டறை என்பது ஒரு தகரக் கொட்டகை. உள்ளே தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் எந்திரங்கள் வரிசையாக இறங்கி இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஆள். பிரஸ் மேலே போகும்போது கையை உள்ளே விட்டுத் தகட்டைத் திருப்புகிறான், கீழே வருவதற்குள் எடுத்துவிடுகிறான். நான் எண்ணெய் நாற்றத்தில் நின்று அந்தக் கைகளையே பார்த்தேன்.

சூப்பர்வைசர் இளவயதுக்காரர். காதில் பென்சில். ஏழுமலையை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கட்டுப்போட்ட கையில் பார்வையை நிறுத்தினார். "இன்னா இது?"

"குடிச்சிட்டு விழுந்துட்டேன் சார். சூடு பட்டுடுச்சு. இப்ப உட்டுட்டேன்" என்றான் ஏழுமலை. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். நான் யார் என்று கேட்டார். பொண்டாட்டியின் அக்கா என்றான் அவனே. நைட் ஷிப்ட்தான் காலி, பகலில் இடம் இல்லை என்றார். பரவாயில்லை சார் என்றான். அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குடிகாரர்களைச் சேர்த்துச் சேர்த்து ஏமாந்தவர் போலிருக்கிறது.

"நீ சொல்லும்மா. நெஜமா குடிதானா? மறுபடியும் இங்க வந்து விழ மாட்டானே?"

உள்ளே பிரஸ் இறங்கியது.

"குடிதான். விட்டுட்டான். விழ மாட்டான்" என்றேன்.